களி கட்டி தட்டுகிறதா, கொள்ளு வேகவில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் ராகியும் சாமையும் கொள்ளும் புதிதாக வந்த ஆரோக்கிய உணவு இல்லை. ஆனால் நடுவில் ஒரு தலைமுறை அரிசிக்கும் இட்லிக்கும் போய்விட்டு இப்போது திரும்பி வருகிறது. சர்க்கரை வந்துவிட்டது, எடை கூடிவிட்டது, டாக்டர் களி சாப்பிடச் சொன்னார் என்று அடுப்பில் பானையை வைத்தால், மாவு கட்டி தட்டுகிறது, கொள்ளு கல்லு மாதிரி கிடக்கிறது. மாவின் மேலும் கடைக்காரர் மேலும் பழி விழுகிறது. பெரும்பாலும் கோளாறு தண்ணீரில் இருக்கும்: எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு கொதித்தது, எந்தக் குழாயில் பிடித்தது. கீழே உங்கள் வீட்டுப் புகார் எதுவோ அதை மட்டும் படித்தாலும் போதும்.

அளவுகளில் டம்ளர் என்றால் 200 மில்லி.

களியில் கட்டி தட்டுகிறது, உள்ளே பச்சை மாவு இருக்கிறது

ராகி மாவின் மேல் சூடான தண்ணீர் பட்டதும் வெளிப்பக்கம் பசையாகிவிடும். அந்தப் பசை உள்ளே தண்ணீர் போக விடாது. மாவைக் கொட்டியதும் கிளறினால் ஒவ்வொரு சிறு உருண்டையும் இப்படி மூடிக்கொள்ளும். பிறகு எவ்வளவு கிளறினாலும் உடையாது. ஆகவே மாவு போட்டதும் கிளறக் கூடாது. இந்த ஒன்றைத்தான் புதிதாகக் கிண்டுபவர்கள் எல்லாரும் தவற விடுகிறார்கள்.

நான்கு பேருக்கு ராகி மாவு 2 டம்ளர், நொய்யரிசி அரை டம்ளர், தண்ணீர் 5 டம்ளர். அடி கனமான பாத்திரம் வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு கழுவிய நொய்யைப் போட்டு, விரலில் நசுக்கினால் மசியும் வரை 12 முதல் 15 நிமிடம் வேக விடுங்கள். இதற்குள் 2 ஸ்பூன் மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து வைத்து, நொய் வெந்ததும் ஊற்றிக் கலக்குங்கள். தண்ணீர் கஞ்சிப் பதத்துக்கு வரும். இது பழக்கமில்லாதவர்களுக்கான காப்பு. கை பழகியவர்கள் விட்டுவிடலாம்.

இப்போது தீயைக் குறைத்து, மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கரண்டியைத் தொடாதீர்கள். துடுப்பின் காம்பால் குவியலில் அடிவரை மூன்று நான்கு துளை போடுங்கள். அந்தத் துளை வழியாகக் கொதி மேலே வந்து மாவை நனைக்கும். பாதி மூடி போட்டு 6 முதல் 8 நிமிடம். மேல்மாவின் வெளுப்பு மாறிக் கருத்து வந்தால், பாத்திரத்தைக் கீழே இறக்கி, யாராவது துணியால் பிடித்துக்கொள்ள, ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடுப்பால் அழுத்திக் கிண்டுங்கள். கரண்டி போதாது, கரண்டிக்கு அழுத்தம் வராது. மூன்று நிமிடம் விடாமல் கிண்டினால் மாவு பாத்திரத்தை விட்டுப் பிரியும். மறுபடி மிகச் சிறு தீயில் மூடி போட்டு 5 நிமிடம் புழுங்க விட்டால் களி தயார்.

கட்டி தட்டிவிட்டதா? கொஞ்சமாக இருந்தால் அரை டம்ளர் கொதிநீர் தெளித்து, மூடி 5 நிமிடம் வைத்து, பாத்திரத்தின் பக்கவாட்டில் வைத்து நசுக்குங்கள். நிறைய இருந்தால் களி ஆசையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஆற விட்டு, மோர் விட்டு மிக்ஸியில் அடித்தால் நல்ல கரைசல் கிடைக்கும். கட்டியோடு உருட்டிப் பரிமாறினால் வீட்டில் அடுத்த முறை களி என்றதும் எல்லாரும் ஓடுவார்கள்.

களி இறுகவே இல்லை, கொழகொழவென்று நிற்கிறது

தண்ணீர் கூடிப்போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதற்கு முன் ஒன்று பாருங்கள்: அது முளைகட்டிய ராகி மாவா? முளை விடும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை வெட்டிவிடும். அதனால் முளைகட்டிய மாவு எவ்வளவு காய்ச்சினாலும் கெட்டிப்படாது. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அதுதான் ஏற்றது, ஏனென்றால் அதிக மாவு போட்டாலும் கஞ்சி இளக்கமாக வரும். களிக்கு அது உதவாது. களிக்குச் சாதாரண மாவு, அதுவும் வெண்ணெய் மாதிரி அரைக்காமல் விரலில் லேசாக உறுத்தும் பதத்தில் அரைத்த மாவு.

சாதாரண மாவுதான், தண்ணீர்தான் அதிகம் என்றால், வெந்த களியில் பச்சை மாவைத் தூவிச் சரிக்கட்டாதீர்கள். தூவிய மாவு வேகாது, அதுவே கட்டியாகும். மூடியைத் திறந்து சிறு தீயில் அடிக்கடி கிண்டி ஈரத்தை ஓட்டுங்கள். 5, 6 நிமிடத்தில் இறுகும்.

கையில் ஒட்டுகிறது, பச்சை வாடை அடிக்கிறது

வேக்காடு போதவில்லை. பார்க்கும் விதம் எளிது: விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொடுங்கள். ஒட்டாமல் வந்தால் வெந்தது. வெந்த களிக்கு ஒரு மினுமினுப்பு இருக்கும். வேகாத களி மங்கலாக இருக்கும். 2 ஸ்பூன் சுடுநீர் ஓரத்தில் விட்டு மூடி, இன்னும் 5 நிமிடம் புழுங்க விடுங்கள். உருட்டும்போது கையையும் கிண்ணத்தையும் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவத் தேவையில்லை.

ஆறியதும் கல்லாகி வெடிக்கிறது

முதல் காரணம் தண்ணீர் குறைவு, இரண்டாவது ஆற விட்டது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகத்தான் செய்யும். ராகியில் அது கொஞ்சம் வேகமாகவே நடக்கும். களி அடுப்பிலிருந்து இறங்கிய அரை மணிக்குள் சாப்பிட வேண்டிய பண்டம். நேரமாகும் என்றால் உருண்டைகளை ஈரத்துணியில் மூடி, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். மீந்ததைத் திரும்பச் சூடாக்க நினைக்காதீர்கள். உருண்டை முழுகத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்துக் குடிப்பதுதான் இந்த ஊர்களின் பழைய ஏற்பாடு, அதைவிடச் சிறந்தது இன்னும் வரவில்லை.

நரநரக்கிறது, கசக்கிறது

நரநரப்பு என்றால் கல், மண். களத்தில் அடித்த ராகியில் மண் இல்லாமல் இருக்காது. ரேஷன் ராகியும் அப்படியே. 2023 முதல் தருமபுரி, நீலகிரி மாவட்ட அட்டைதாரர்களுக்கு அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் ராகி வாங்கிக்கொள்ளும் வசதி வந்தது. அதை அப்படியே மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். நான்கைந்து தண்ணீரில் கழுவி அரித்து, வெயிலில் ஒருநாள் முழுக்கக் காயவைத்து, பிறகு அரையுங்கள். முன்னால் வந்தவர் மிளகாய் அரைத்திருந்தால் அடுத்த கல்லுக்குக் காத்திருங்கள், அல்லது முதல் கைப்பிடி மாவைத் தனியே எடுத்துவிடுங்கள்.

மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டியாகி மக்கல் வாடை வரும். துணியில் பரப்பி ஆறிய பிறகுதான் மூட வேண்டும். ராகியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் மாவு ஒன்றிரண்டு மாதம் தாங்கும். கம்பு மாவு தாங்காது. அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், பத்து நாளிலேயே கசப்புத் தட்டிவிடும். கம்பை மட்டும் வாரத்துக்கு வேண்டியதை அரையுங்கள்.

சலிப்பதில் ஒரு எச்சரிக்கை. மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிட்டு, ராகியில் கால்சியம் இருக்கிறது என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஆனால் அது அதிகம் இருப்பது மேல்தோலில்தான். தானியத்தைச் சுத்தம் செய்துவிட்டால் மாவைச் சலிக்க வேண்டிய வேலையே இல்லை.

மழையில் நனைந்து கருத்து, பூசண வாடை அடிக்கும் ராகியைக் கழுவிக் காயவைத்தும் பயன்படுத்தாதீர்கள். வாடை போனாலும் பூசணத்தின் நச்சு போகாது. மாட்டுக்கும் போடக் கூடாது.

கொள்ளு எத்தனை விசில் வைத்தாலும் வேகவில்லை

இங்கேதான் தண்ணீர் முழு வில்லன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்புத் தோலிலும் உட்சுவரிலும் இருக்கும் பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். பிறகு குக்கர் கத்திக்கொண்டே இருக்கும், பருப்பு பருப்பாகவே இருக்கும். துவரை, மொச்சை, காராமணி எல்லாவற்றுக்கும் இதே கதை.

ஊறவைக்கும் தண்ணீரிலிருந்தே மாற்ற வேண்டும். வேகவைக்கும்போது மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றினால் பாதிப் பயன்தான். ஒரு டம்ளர் கொள்ளுக்கு 4 டம்ளர் காவிரித் தண்ணீர் (ஒகேனக்கல் திட்டக் குழாயில் வருவது), ஒரு டீஸ்பூன் உப்பு. 8 முதல் 10 மணி நேரம். உப்பு போட்டால் வேகாது என்று சொல்வது வழக்கம். ஊறும் தண்ணீரில் அது நேர்மாறாக வேலை செய்யும். உப்பிலுள்ள சோடியம் அந்த இறுகிய பசையை இளக்குகிறது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, புதிய காவிரித் தண்ணீர் 3 டம்ளர் விட்டுக் குக்கரில் 6 விசில், பிறகு சிறு தீயில் 10 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும்.

இதற்கும் மசியவில்லையா? இரண்டு சந்தேகம். ஒன்று, கொள்ளு பழசு. வெப்பத்திலும் ஈரத்திலும் ஓராண்டுக்கு மேல் கிடந்த பயறு வகைகள் கெட்டித் தட்டிப்போகும். ஊறிய பின் பாருங்கள்: பெருக்காமல் சிறுத்துக் கிடப்பவை வேகவே வேகாது, பொறுக்கி எறியுங்கள். பாதிக்கு மேல் அப்படிக் கிடந்தால் மூட்டையை மாட்டுக்கு வையுங்கள். இரண்டாவது, புளி. புளியோ தக்காளியோ முதலிலேயே போயிருந்தால் அந்தப் புளிப்பில் பருப்பு நின்றுவிடும். மசிந்த பிறகுதான் புளி.

சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் வெந்துவிடும், உண்மைதான். ஆனால் பி1 வைட்டமினை அது அழிக்கும், கொஞ்சம் கூடினால் சோப்பு வாடை வரும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், தினப்படி வேண்டாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம்; அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக, தாழ்வான இடத்திலுள்ள அரூரைவிடக் கூடுதல் நேரம் பிடிப்பது இதனால்தான். குக்கர் வைத்தால் அந்தக் குறை தீரும்.

கொள்ளு மசிந்துவிட்டால் மேலே நிற்கும் தண்ணீரை வடித்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, வெந்ததைச் சீரகம், பூண்டு, வரமிளகாய், சின்ன வெங்காயத்தோடு கடைந்தால் களிக்கு அதுவே போதும்.

போர் தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடுமா?

கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும். பத்து நிமிடம் கொதித்த தண்ணீரை ஆற விட்டு, அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் மேலாக இறுத்தால் பருப்பு முன்னைவிட நன்றாக வேகும். ஆனால் இரண்டு மாவட்டங்களின் பெரிய பிரச்சினை, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ப்ளோரைடு. அது கொதித்தால் போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. பல கிராமங்களின் போர்களில் அதைத் தாண்டியதால்தான் 2008ல் அடிக்கல் நாட்டி 2013ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பதும் சேர்ந்தது.

வீட்டில் காவிரித் தண்ணீரைக் குடிக்க மட்டும் பிடித்துவைத்து, சமையலுக்குப் போர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இது பாதி வேலை. களிக்கு 5 டம்ளர், கூழுக்கு 4 டம்ளர், ரசம், டீ என்று சமையல் வழியாக உள்ளே போகும் தண்ணீர் குடிப்பதற்குக் குறைந்ததில்லை. குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க மட்டும் போர் தண்ணீர் போதும். ஊர்த் தொட்டியில் இரண்டும் கலந்து விடுகிறார்களா என்று தண்ணீர் திறந்து விடுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். கண்ணுக்கும் நாக்குக்கும் ப்ளோரைடு தெரியாது.

மெழுகுவர்த்தி வடிவ ஃபில்டர், கரி ஃபில்டர், புற ஊதா விளக்கு வைத்த ஃபில்டர் எதுவும் ப்ளோரைடைப் பிடிக்காது. ஆர்.ஓ. பிடிக்கும்.

பிள்ளைகளின் நிரந்தரப் பல்லில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு, பிறகு பழுப்புக் கறை என்றால் பிரஷ்ஷை மாற்றிப் பயனில்லை. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், உள்ளே போன ப்ளோரைடு அது. வந்த கறை தானாகப் போகாது. அடுத்த பிள்ளைக்கு வராமல் பார்க்கலாம். கால்சியம் குறைந்த உடம்பில் பாதிப்பு கூடும் என்பதால் ராகி, மோர், முருங்கைக்கீரை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகவே வேண்டும். பிள்ளைகளுக்குக் கட்டன் டீ கொடுக்காதீர்கள். தேயிலையிலும் ப்ளோரைடு உண்டு. பெரியவர்களுக்குக் கழுத்தும் இடுப்பும் விறைத்துக் குனிய முடியாமல் போனால் வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல், தண்ணீர் விவரத்தையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாமைச் சோறு குழைகிறது, அல்லது நடுவில் அரிசி நிற்கிறது

சாமை நெல்லரிசி மாதிரி வடித்துத் தின்னும் தானியம் இல்லை. அளந்து ஊற்றி, வற்ற விட வேண்டும். 20 நிமிடம் ஊறிய சாமை ஒரு டம்ளருக்கு 2 டம்ளர் தண்ணீர் விட்டால் உதிரியாக வரும். இரண்டரை விட்டால் குழம்புக்கு ஏற்ற மென்மை. தண்ணீர் கொதித்த பிறகு சாமையைப் போட்டு, ஒரே ஒரு முறை கலக்கி, மூடி, சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம். அடுப்பை அணைத்த பின் 10 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. நடுவில் அரிசி நிற்பது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடப் பொறுமை இல்லாததால்தான். குழைந்தால் ஒன்று அடிக்கடி கரண்டி போட்டிருப்பீர்கள், அல்லது ஊறிய சாமைக்கு ஊறாத சாமையின் அளவுத் தண்ணீர் போயிருக்கும்.

கல் பல்லில் படுவதுதான் சாமையின் பெரிய தொல்லை. கல்லும் சாமையும் ஒரே அளவில் இருக்கும், முறத்தில் புடைத்தாலும் முழுதாகப் பிரியாது. அரித்துத்தான் எடுக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் சாமையும் நிறையத் தண்ணீரும் விட்டுச் சுழற்றி ஆட்டி, மிதந்து வரும் சாமையைத் தண்ணீரோடு பக்கத்துப் பாத்திரத்தில் சாயுங்கள். அடியில் கல் தங்கும். அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றி நான்கைந்து முறை. கடைசியில் அடியில் நிற்கும் ஒரு ஸ்பூன் சாமைக்கு ஆசைப்படாதீர்கள்.

வாங்கும்போது பால் மாதிரி வெளுத்த சாமையை ஒதுக்குங்கள். அது தவிடு முழுக்கத் தீட்டியது. நார்ச்சத்துக்காகச் சாமைக்கு வந்தவருக்கு அதில் அரிசியைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சித்தேரி மலையிலிருந்து வரும் கைக்குத்தல் சாமை சாம்பல் பழுப்பில் இருக்கும், வேக இரண்டு மூன்று நிமிடம் கூடும்.

கூழ் புளிக்கவில்லை, அல்லது மூக்கைப் பிடிக்கும் அளவு புளித்துவிட்டது

ஒரு டம்ளர் மாவை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைக்கிறோம். சித்திரை வெயிலில் தருமபுரியில் 8 மணி நேரமே போதும். மார்கழியில் ஓசூரில் அதே மாவுக்கு 16 மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மேலே சிறு குமிழும், மோர் போன்ற மணமும் வந்தால் காய்ச்சுங்கள். குளிரில் புளிக்காவிட்டால் பழைய கூழின் தெளிநீர் 2 ஸ்பூன் அல்லது ஒரு ஸ்பூன் மோர் விடுங்கள்.

அதிகம் புளித்தால் மேலே தெளிந்து நிற்கும் நீரை இறுத்துவிட்டு அதே அளவு நல்ல தண்ணீர் ஊற்றினால் புளிப்பு பாதியாகும். நூல் மாதிரி இழுத்தாலோ, இளஞ்சிவப்பு அல்லது கருப்புப் புள்ளி தெரிந்தாலோ மொத்தத்தையும் கொட்டுங்கள், காய்ச்சினால் சரியாகாது. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்க வைக்கக் கூடாது, புளிப்பு அதை அரிக்கும். மண்பானை, இல்லாவிட்டால் எவர்சில்வர்.

காய்ச்சும்போது அரை டம்ளர் நொய்யை 4 டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றி, மினுக்கம் வரும் வரை 10, 12 நிமிடம் கைவிடாமல் கிண்ட வேண்டும். உப்பு குடிக்கும்போது மட்டும்.

ராகி அடை தட்டும்போது கிழிகிறது

கோதுமையில் இருக்கும் பிசின் ராகியில் இல்லை. அதனால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உடையும். கொதிக்கும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி மூடி 15 நிமிடம் வைத்தால் வெந்த மாவே பிசினாகும். வெங்காயமும் முருங்கைக்கீரையும் நறுக்கிப் போட்டு உப்பிட்டால் அதுவும் தண்ணீர் விடும், ஆகவே தண்ணீரைக் கடைசியில் சரிபாருங்கள். வாழை இலையில் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலை வாடியதும் உரிக்கலாம்.

களிக்கு மாறியதும் வயிறு கட்டிக்கொண்டது

நார்ச்சத்து தண்ணீரை இழுத்துத்தான் மலத்தை இளக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் அது அடைத்துக்கொள்ளும். மூன்று வேளை அரிசியிலிருந்து மூன்று வேளை ராகிக்கு ஒரே நாளில் தாவியவர்களுக்கு இது வரும். முதல் இரண்டு வாரம் ஒரு வேளை மட்டும், அதுவும் வாரத்தில் மூன்று நான்கு நாள். களியோடு கீரைக் கடைசல் ஒரு கிண்ணம், பிறகு ஒரு டம்ளர் மோர். நாள் முழுவதும் இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீர். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் அதிகம். (இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.) இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும்கூட மலத்தைக் கட்டும், பழி ராகி மேல் விழும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது என்றால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

களி சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். ராகியிலேயே இரும்பை உறிஞ்ச விடாத துவர்ப்பு இருக்கிறது, டீ அதைக் கூட்டும். ஒரு மணி நேரம் போகட்டும். குழம்பில் எலுமிச்சையோ, பக்கத்தில் நெல்லிக்காயோ இருந்தால் நல்லது.

களிதான் சாப்பிடுகிறேன், சர்க்கரை இறங்கவில்லை

ராகி மருந்து இல்லை, தானியம். 100 கிராம் ராகியில் மாவுச்சத்து 65 முதல் 70 கிராம்; அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். 75 கிராம் மாவில் கிண்டிய ஓர் உருண்டையில் மாவுச்சத்து மட்டும் 50 கிராம் இருக்கும். உழவுக்குப் போனவர் தின்ற இரண்டு பெரிய உருண்டையை, கடையில் உட்கார்ந்திருப்பவர் தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு வேளைக்கு ஓர் உருண்டை, அதற்கு மேல் பசித்தால் கொள்ளு, மொச்சை, முட்டை, காய்.

கூழும் கஞ்சியும் களியைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். நன்றாகக் கரைந்து, மெல்லாமல் இறங்குவதால். வெல்லம் போட்ட ராகி மால்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று அறிய, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் கழித்துப் பரிசோதியுங்கள். ஒருநாள் களி, ஒருநாள் சாமை, ஒருநாள் சோறு, குழம்பு மட்டும் ஒன்றாக இருக்கட்டும். மூன்று எண்களும் பேசிவிடும். அளவு இறங்கினாலும் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

வைகாசியில் எண் திடீரென்று எகிறினால் களியைச் சந்தேகப்படாதீர்கள். கிருஷ்ணகிரியில் அப்போது வீட்டுக்கு வீடு மாங்கூடை இருக்கும். செந்தூராவோ அல்போன்சாவோ, பாதிப் பழம், சாப்பாட்டுக்குப் பின் இல்லாமல் இரண்டு வேளைக்கு நடுவில், அன்றைக்கு உருண்டையைச் சிறிதாக்கிக்கொண்டு. ஜூஸாக வேண்டாம்.

கொள்ளும் தின்கிறேன், நடக்கவும் செய்கிறேன், எடை குறையவில்லை

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. அதில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவு புரதமும் நிறைய நாரும் இருப்பதால் பசியைத் தள்ளிவைக்கும், அதனால் சோறு குறையும். சோறு குறையாமல் கொள்ளும் சேர்ந்தால் எடை கூடும். எண்ணெய்க் கேனைப் பாருங்கள்: நான்கு பேர் வீட்டில் மாதம் இரண்டரை லிட்டருக்கு மேல் போனால் தேடும் இடம் அதுதான். செக்குக் கடலை எண்ணெய் என்றாலும் ஒரு ஸ்பூனில் உள்ள கலோரி ஒன்றுதான்.

நடையில் வேகம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் அது உலாவல். வாரம் 150 நிமிடம். ஒரேயடியாக முடியாவிட்டால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அதுவே அதிகப் பயன். கூடவே நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 முறை, இரண்டு தடவை. முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை, நடை மட்டும் அதை வளர்க்காது.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால், தேய்ந்த செருப்பை மாற்றுங்கள். சுவரில் கை ஊன்றி, பின்காலின் குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி முன்னால் சாயுங்கள், மூன்று முறை. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் நடந்து கை நடுங்கி வேர்த்தால் நிறுத்தி உட்கார்ந்து, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள்; 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. நெஞ்சில் அழுத்தமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ வந்தால் வாயு என்று சோடா குடிக்கப் போகாதீர்கள். உட்கார்ந்து 108ஐக் கூப்பிடுங்கள்.